நான் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள்

படு.

கத்துகிறேன். படுக்கிறார்கள். மல்லாட்டைக் கொல்லை. கடலைச் செடி முழங்கால் உயரம்கூட இல்லை. அதற்குள் முகத்தைப் புதைக்கிறார்கள். தலைக்கு மேல் ஏரோப்ளேன். முதலில் ஒரு முனகல். அப்புறம் அரிசி மில் ஓடுகிற சத்தம். அப்புறம் காதில் ஒன்றுமே இல்லை. பல் அதிர்கிறது. அடிவயிறு அதிர்கிறது. நிழல் எங்கள் முதுகு மேல் ஏறி இறங்கிப் போகிறது.

விக்கிரவாண்டிக்கு வடக்கே, ரயில் மேட்டை ஒட்டிய கொல்லை அது. வருஷம் நாற்பத்திரண்டு. சித்திரை பிறக்க இருந்த வாரம். உச்சி வெயில் சாயத் தொடங்கிய நேரம்.

என் பெயர் முனியம்மா. ஊர் முகையூர்ப் பக்கம். சொந்த நிலம் கிடையாது. நடவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள். அன்றைக்கு என் பொறுப்பில் இருபத்து மூன்று பெண்கள். எல்லோரையும் அவரவர் வாசலில் இருந்து நான்தான் அழைத்துக்கொண்டு வந்தேன். திரும்ப அதே வாசலில் விட வேண்டியதும் நான்தான்.

விழுப்புரத்தில் எப்போது சண்டை நடந்தது என்று இப்போது கேட்கிறார்கள். நடக்கவில்லை. திண்டிவனத்தில் குண்டு விழுந்ததா என்கிறார்கள். விழவில்லை. ஒன்றுகூட விழவில்லை. அப்புறம் நீ என்ன சாட்சி சொல்கிறாய் என்று ஒருத்தர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். எரிச்சல் வந்தது. குண்டு விழுந்த ஊரைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது. குண்டு விழும் விழும் என்று ஓடிச் செத்தவர்களைப் பற்றிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அதனால் சொல்கிறேன்.

நடவு எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது.

பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்போம். பின்பக்கமாக நகர்ந்துகொண்டே நடுவோம். ஒரு முனையில் நான். மறுமுனையில் என் தங்கை அஞ்சலை. நான் பாட்டு எடுப்பேன். என் பாட்டு எந்த வேகமோ அதுதான் கை வேகம். நான் நிமிர்ந்தால் அத்தனை பேரும் நிமிர்வார்கள். யோசிக்க மாட்டார்கள். இடுப்பு வலிக்கிற வேலை. எப்போது நிமிரலாம் என்று உடம்பே காத்துக்கொண்டிருக்கும். கடைசி ஆள் முடிக்கும் முன்னே நான் நிமிர்ந்துவிட்டால் வரிசை கோணலாகிவிடும். அதனால் அஞ்சலைக்கும் எனக்கும் ஒரு சைகை. அவள் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கீழே பார்த்து அழுத்துவாள். இரு, எழாதே என்று அர்த்தம். வருஷக்கணக்காக அந்தக் கை எனக்குப் பழக்கம்.

திண்டிவனத்துக்குத் தெற்கே ஒரு பண்ணையில் சொர்ணவாரிப் பட்டத்து நெல் நடவு. கூரைக் கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். காலையில் கேப்பைக் கூழ். சாயங்காலம் களி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் ரோடு மாறியது. பட்டணத்தில் இருந்து ஆள் வரத் தொடங்கினார்கள். முதலில் கார். பின்னால் குதிரை வண்டி. அதற்குப் பின்னால் மாட்டு வண்டி, கை வண்டி, வெறும் கால். ஆட்டுக்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் நடந்தாள். கூண்டோடு கிளியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தர். ஜப்பான்காரன் கப்பல் மெட்ராஸ் கடலுக்கு வந்துவிட்டதாம். ராத்திரிக்குள் இறங்குவானாம். மரக்காணத்தில் இறங்கிவிட்டான் என்று இன்னொருத்தர். அது எங்களுக்குப் பக்கத்துக் கடற்கரை. அந்தப் பேச்சுதான் எங்கள் கொட்டகையைக் கலக்கியது.

பண்ணைக் கணக்கப்பிள்ளை சைக்கிளில் வந்தார். இறங்கக்கூட இல்லை. எஜமான் குடும்பம் செஞ்சிக்குப் போய்விட்டது, நீங்களும் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் வயலில் நிற்கிறோம். பாதிப் பாத்தி நட்டிருக்கிறது. பறித்த நாற்று முடி முடியாகத் தண்ணீரில் கிடக்கிறது. கன்னியம்மா நாற்றை வீசிவிட்டு வரப்பில் ஏறினாள். அவளுக்கு வாய் நீளம். எதைக் கேட்டாலும் இரண்டு பங்காக்கிச் சொல்வாள்.

"இன்னாக்கா நின்னுகினு இருக்கிற? கழுத்த அறுக்கிறானாம். பொம்பளைங்கள இஸ்துகினு போறானாம். ஜல்தியா ஓடலாம் வாங்கடி."

இரண்டு பேர் அழத் தொடங்கினார்கள். ஒருத்தி வரப்பில் ஒரு காலும் வயலில் ஒரு காலுமாக நின்றாள்.

என்னைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். பயம் வந்தால் என் கை கொண்டைக்குப் போகும். அவிழ்த்து அவிழ்த்து முடிவேன். ஒருமுறை ஏரி உடைந்தபோது அஞ்சலைதான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். உன் கை கொண்டைக்குப் போனால் எங்களுக்கும் பயமாயிடுதுக்கா என்றாள். அன்றைக்கும் கை மேலே போனது. பாதியில் நிறுத்தினேன். வாழைநார் எடுத்துக் கொண்டையை இறுக்கிக் கட்டினேன். இனி அவிழாது. கைக்கு அங்கே வேலை இல்லை.

"பாத்தி முடியட்டும். அப்பால போலாம்" என்றேன்.

பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் குனிந்தேன். பாட்டு எடுத்தேன். ஒவ்வொருத்தியாகக் குனிந்தாள். கன்னியம்மாவும் திட்டிக்கொண்டே குனிந்தாள். பாத்தி முடிகிறவரை யாரும் ஜப்பான்காரனைப் பற்றிப் பேசவில்லை. கை ஓடியதில் மூச்சு சீராகிவிட்டது. எனக்கும்தான். அவர்களுக்காக மட்டும் நட்டேன் என்று பெருமை பேச மாட்டேன். எனக்கும் ஓட வேண்டும்போலத்தான் இருந்தது.

கொட்டகைக்கு வந்து எப்படிப் போவது என்று சொன்னேன். ரோடு வேண்டாம், வண்டி நெரிசல். ரயில் மேட்டை ஒட்டிய ஒற்றையடிப் பாதை. விழுப்புரம் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கே இருந்து ஊர் நமக்குத் தெரிந்த தூரம். வயலில் நிற்கிற அதே வரிசை. முன்னால் நான், கடைசியில் அஞ்சலை. நான் நின்றால் நில். நான் படுத்தால் படு. நான் எழாமல் எவளும் எழக்கூடாது. கூழ்ப்பானையைக் கன்னியம்மா தலையில் ஏற்றினேன். கனம் இருந்தால் வாய் குறையும்.

அஞ்சலை சிரித்தாள். அவளுக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு வருஷம். புருஷன் பட்டாளத்தில். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அதை நினைத்து அழுகிறவள் இல்லை. போகிற வழியெல்லாம் கடைசியில் இருந்து குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள். எவளுக்குக் கால் நோகிறது, எவளுக்கு முள் குத்தியது, எல்லாம் அவள் குரலில்தான் எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை.

மயிலம் தாண்டினோம். பேரணி தாண்டினோம். ரோட்டில் நடக்க முடியாத பட்டணத்து ஜனம் ரயில் மேட்டுக்கு ஏறிவிட்டது. நாங்கள் கீழே பாதையில். அவர்கள் மேலே, தண்டவாளத்துக்கு நடுவிலேயே. கட்டை கட்டையாகத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ரயில் வரும், இறங்கி நடங்கள் என்று அஞ்சலை இரண்டு மூன்று முறை சொன்னாள். ரயிலெல்லாம் நின்றுபோய்விட்டது என்றார் ஒருத்தர். கீழே பாம்பு என்றாள் ஒருத்தி. எங்கள் பேச்சை யார் கேட்பார்கள்?

அப்போதுதான் ஏரோப்ளேன்.

படு என்று கத்தினேன். படுத்தார்கள். அதைத்தான் முதலில் சொன்னேன். நிழல் போய்விட்டது. சத்தம் தெற்கே தேய்கிறது. யாருடைய விமானம், தெரியாது. சர்க்கார் விமானம்தான் என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரத்தில் வானத்தில் இருந்தால் எல்லாம் எமன்தான். நான் தலையைத் தூக்காமல் ஓரக்கண்ணால் வரிசையைப் பார்க்கிறேன். எல்லோரும் கிடக்கிறார்கள். கன்னியம்மா எனக்குப் பக்கத்தில். கூழ்ப்பானை உடைந்து கூழ் மண்ணில் ஓடுகிறது. கடைசியில், மேட்டுக்கு ரொம்பப் பக்கத்தில், அஞ்சலை.

அப்போது ஊதல்.

வடக்கே, பனங்கூட்டத்துக்குப் பின்னால். ரயில் பாதை அங்கே வளைகிறது. நீளமாக ஊதுகிறது. நிறுத்தவில்லை. விடாமல் ஊதுகிறது. அது ரயில். ஊர் ஊராக ரயில் மேட்டை ஒட்டி நடக்கிற எங்களுக்கு அது தெரியும். பட்டணத்து ஜனத்துக்கு அது வேறு. அங்கே மாதக்கணக்காக அபாயச் சங்கு ஊதி ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். சங்கு ஊதினால் நிற்கிற இடத்திலேயே குப்புறப் படு, காதில் விரலை விட்டுக்கொள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விமானம் போன கையோடு ஊதல் வருகிறது. என்ன செய்வார்கள்?

படுத்துவிட்டார்கள். தண்டவாளத்துக்கு நடுவிலேயே. குப்புற. காதில் விரல். குழந்தையை வயிற்றுக்குக் கீழே போட்டு மூடிக்கொண்டு ஒரு பெண். சொன்ன பேச்சைக் கேட்கிற நல்ல ஜனம். எனக்கு இப்போதும் அந்த முதுகுகள் தெரிகின்றன. வெள்ளைச் சட்டை. சிவப்புப் புடவை. ஒரு கிழவரின் மொட்டைத்தலை.

அஞ்சலை எழுந்துவிட்டாள்.

"ரயிலு வருது, எறங்குங்க" என்று கத்திக்கொண்டே மேட்டில் ஏறுகிறாள். காதில் விரல் விட்டவர்களுக்கு என்ன கேட்கும்? அது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கத்துவதை விட்டாள். கையைப் பிடித்தாள். காலைப் பிடித்தாள். இழுத்து இழுத்துச் சரிவில் தள்ளுகிறாள். குழந்தைக்காரியை முதலில் தள்ளினாள். அவள் புரண்டு வந்து எங்கள் கொல்லையில் விழுந்தாள். விழுந்தவர்கள் கண்ணைத் திறந்து, ரயிலைக் கண்டு, பக்கத்து ஆளை இழுக்கத் தொடங்கினார்கள். ஆனால் ஜனம் நிறைய.

என் உடம்பு எழுவதற்குத் தயாராகிவிட்டது. முழங்கையை ஊன்றிவிட்டேன். பக்கத்தில் கன்னியம்மாவின் உடம்பு அசைகிறது. அதற்கு அப்பால் இன்னொருத்தி. வரிசை முழுக்க அசைகிறது. யாரும் ரயிலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறார்கள். நான் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள். நான் மேட்டில் ஏறினால் எல்லோரும் மேட்டில் ஏறுவார்கள். யோசிக்க மாட்டார்கள். அப்படித்தான் நான் பழக்கி வைத்திருக்கிறேன்.

முழங்கையை மடக்கினேன். முகத்தை மண்ணில் வைத்தேன்.

"எழுந்துக்கலாமாக்கா?" கன்னியம்மா.

"இரு."

கை கொண்டைக்குப் போனது. வாழைநார் தட்டியது. கையைக் கீழே கொண்டுவந்து செடியைப் பிடித்தேன்.

அஞ்சலை மேட்டின் மேலே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே பார்வை. வலது கையைத் தூக்கினாள். உள்ளங்கை கீழே. அழுத்தினாள். இரு, எழாதே. அப்புறம் குனிந்து அந்தக் கிழவரின் காலைப் பிடித்தாள்.

அவள் சொல்லித்தான் நான் எழவில்லை என்று ஊரில் பேச்சு. நல்ல பேச்சு. ஆனால் நடந்த வரிசை அது இல்லை. அவள் கை தூக்குவதற்கு முன்பே நான் முகத்தை மண்ணில் வைத்துவிட்டேன். முடிவு என்னுடையது. அதை அவள் தலையில் போட எனக்கு மனசு வராது.

ரயில் வளைவில் திரும்பியது. கூரை முழுக்க ஆள். பிரேக் போட்டான். இரும்பை இரும்பு அரைக்கிற சத்தம். விமானச் சத்தத்தை மறந்துவிட்டேன். இதை மறக்கவில்லை. பானை கழுவும்போது கரண்டி உரசினாலும் எனக்கு உடம்பு தூக்கிப்போடும்.

எஞ்சின் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. அப்புறம் புகை. கரி வாசனை. ஆவி சீறுகிற சத்தம். அது அடங்கியதும் யாரோ ஒருத்தர் அழுகிற சத்தம்.

அப்போது எழுந்தேன். எல்லோரும் எழுந்தார்கள்.

கிழவர் சரிவில் கிடந்தார். உயிரோடு. ஒரு செருப்புதான் போயிருந்தது. மார்பில் ஒரு துணி மூட்டையைக் கட்டிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்து, நான் யாரென்று தெரியாமலே, சொல்லிச் சொல்லி அழுதார்.

"யாரோ கால இழுத்தாங்கம்மா. மூட்டைய அடிச்சுகினு போக வந்த திருடின்னு நெனச்சு உதைச்சிட்டேன். ரெண்டு தடவ உதைச்சேன். அப்பவும் விடலம்மா."

பயந்துபோன வயசானவர், அவர் என்ன செய்வார் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சரிதான். ஆனால் எனக்கு அவர் மேல் கோபம். அன்றைக்கும் கோபம், இன்றைக்கும் கோபம். பயம் வந்த மனிதனுக்குத் தூக்கிவிடுகிற கையும் திருடுகிற கையும் ஒன்றாகத் தெரிகிறது. அதை நினைத்தால் குமட்டுகிறது.

அஞ்சலை தண்டவாளத்துக்கு மறுபக்கம் கிடந்தாள். முகம் நன்றாக இருந்தது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

என் இடது கையைக் கன்னியம்மா பிடித்து விரல் விரலாகப் பிரித்தாள். உள்ளே மல்லாட்டைச் செடி. வேரோடு, காயோடு. பிடுங்கினது எனக்குத் தெரியவில்லை.

அழ ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். ரயிலில் இருந்து இறங்கிய ஜனம் மறுபடி கத்தத் தொடங்கிவிட்டது. ஏரோப்ளேன் திரும்பி வரும் என்கிறது. விழுப்புரம் இன்னும் தூரம். இரண்டு புடவையை முடிந்து தூளி கட்டச் சொன்னேன். அஞ்சலையை வைத்தோம். தலைப்பக்கம் நான். கால்பக்கம் கன்னியம்மா. அவள் வாயைத் திறக்கவே இல்லை. அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

நடந்தோம். ஒரு இடத்தில் பின்னால் குரல் வரவில்லையே என்று நின்றேன். வராது என்று அப்புறம்தான் உறைத்தது. நான் நின்றதும் வரிசை நின்றது. மறுபடி காலை எடுத்து வைத்தேன்.

விழுப்புரம் ஸ்டேஷன் வாசலில் திருவிழாக் கூட்டம். அண்டாவில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தூளியைப் பார்த்து வழிவிட்டார்கள். குண்டா என்று கேட்டார் ஒருத்தர். இல்லை என்றேன். கதர் கட்டிய ஒரு அம்மாள் எனக்குக் கஞ்சி கொடுத்தாள். என் கூட்டத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து என் வாயையே பார்த்தார்கள். நான் குடித்தேன். அப்புறம் அவர்கள் குடித்தார்கள்.

கல்லு மாதிரி நின்னா முனியம்மா. அன்றைக்குத் தொடங்கி எங்கள் பக்கத்தில் எனக்கு அதுதான் பட்டம். ஏதாவது கலவரமென்றால், வெள்ளமென்றால், காலரா என்றால், முனியம்மாவைக் கூப்பிடு. போவேன். நிற்பேன். யாராவது அந்தப் பட்டத்தைச் சொன்னால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். கல்லுக்குள் என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. இருபத்திரண்டு பேரைக் காப்பாற்ற வேண்டும் என்பது இருந்தது. சாகப் பயமும் இருந்தது. இரண்டும் ஒரே வயிற்றில், ஒரே நேரத்தில். எது என் முழங்கையை மடக்கியது? வருஷம் ஆக ஆகத் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை.

மறுநாள் ஊர் எல்லையில் எங்கள் அம்மா நின்றிருந்தாள். செய்தி முன்னாலேயே வந்துவிட்டது. தூளியைப் பார்த்தாள். கிட்டே வரவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள்.

"மத்தவங்கள்லாம் வந்துட்டாங்களாடி?"

"வந்துட்டாங்கம்மா. எல்லாரும்."

"வூட்டுக்கு வூடு வுட்டுட்டு வா. அப்பறமா அழுவலாம்."

வீடு வீடாகப் போய் விட்டுவிட்டு வந்தேன். கடைசி வாசலில் கன்னியம்மாவை விட்டேன். அப்புறம் எங்கள் வாசலுக்கு வந்தேன். அம்மா வாழைநாரை அறுத்து என் கொண்டையை அவிழ்த்தாள். அப்போதுதான் அழுதேன்.

அடுத்த நடவுக்கும் போனோம். அதே இருபத்திரண்டு பேர். வரிசையின் கடைசி இடத்தில் வேறு ஆள் வைக்க எனக்கு மனசு வரவில்லை. காலியாகவே விட்டோம். நிமிரும் முன்னே அந்தப் பக்கம் பார்ப்பேன். சைகை இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் குனிந்தே இருப்பேன். இடுப்பு வலித்தாலும் அவர்களும் குனிந்தே இருப்பார்கள்.

ஜப்பான்காரன் வரவில்லை. மரக்காணத்தில் எவனும் இறங்கவில்லை. பட்டணத்து ஜனம் மழைக்கு முன்னே திரும்பிப் போய்விட்டது. சண்டை முடிந்து அஞ்சலையின் புருஷன் பட்டாளத்தில் இருந்து வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. யுத்தத்துக்குப் போனவன் வந்துவிட்டேன், வீட்டில் இருந்தவள் எங்கே என்று கேட்டான். நான்தான் பதில் சொன்னேன்.

தண்டவாளத்தில் வேறு எத்தனை பேர் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் எத்தனை பேரை இழுத்துத் தள்ளினாள் என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்.

கூழ்ப்பானை ஒன்று. தூளி கட்டிய புடவை இரண்டு. ஒரு கிழவரின் செருப்பு. நடாமல் தண்ணீரில் விட்டுவந்த நாற்று. என் தங்கை அஞ்சலை.

விழுந்த குண்டு, ஒன்றுமில்லை.